நண்டுக் கால் சொன்ன ரகசியம்

கண்ணீர் கரிக்கிறது. வேர்வை கரிக்கிறது. விரலில் முள் குத்தினால் சட்டென்று வாயில் வைத்து உறிஞ்சுகிறோமே, அந்த ரத்தமும் கரிக்கிறது.

மனித உடம்புக்குள் ஒரு சின்ன உப்புக் கடலே இருக்கிறது!

அந்த உப்புநீரில்தான் நம் உயிரணுக்கள் எல்லாம் ஊறிக்கொண்டிருக்கின்றன. உயிரணு என்றால் என்ன? வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, உடம்புக்கு உயிரணு அப்படி. தசை, நரம்பு, தோல், குடல் எல்லாம் கோடானுகோடி உயிரணுக்களால் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஒவ்வொன்றையும் சுற்றி எண்ணெய்ப் படலம்போல் ஒரு மெல்லிய தோல் உண்டு.

இதிலே ஒரு விந்தை இருக்கிறது. உயிரணுவுக்கு வெளியே உப்பு நிறைய. உள்ளே உப்பு மிகக் குறைவு!

சாப்பாட்டு உப்பில் சோடியம் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் அது மின்சாரம் ஏறிய நுண்ணிய துகளாகப் பிரிந்துவிடும். உயிரணுவுக்கு உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு சோடியம் வெளியே இருக்கிறது. வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் இதற்கு நேர்மாறு. அது வெளியே இருப்பதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு உள்ளே இருக்கிறது.

உப்பு ஜாடியில் மாங்காயைப் போட்டால் என்ன ஆகிறது? சில நாளில் உள்ளே உப்பு ஏறிவிடுகிறது. ஆனால் உயிரணு ஆண்டுக்கணக்கில் உப்புநீரில் ஊறியும் அதற்குள் உப்பு ஏறுவதில்லை.

ஏன்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னது ஒரு நண்டு!

ஓட்டைப் படகு

உயிரணுவின் தோல் சோடியத்தை உள்ளே விடாது என்றுதான் விஞ்ஞானிகள் முதலில் நினைத்தார்கள். கதவு பூட்டியிருக்கிறது, ஆகவே திருடன் வரவில்லை என்று எண்ணினார்கள்.

1940-ம் ஆண்டை ஒட்டி நடந்த சோதனைகள் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கின. கதிர்வீச்சு உள்ள சோடியத்தைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். அது போகும் வழியைக் கருவிகள் காட்டிக்கொடுத்துவிடும். பார்த்தால், சோடியம் தாராளமாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. கதவு பூட்டியிருக்கவே இல்லை!

அப்படியானால் உள்ளே உப்பு சேராமல் இருப்பது எப்படி?

ஓட்டைப் படகில் போகும் மீனவரை நினைத்துப் பாருங்கள். ஓட்டை வழியே தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. அவரும் விடாமல் அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கிறார். ஆகவே படகு மூழ்கவில்லை. உயிரணுவும் ஓட்டைப் படகுதான். அதற்குள்ளேயும் யாரோ ஒருவர் இரவு பகலாக உப்பை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

1941-ம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. ரத்தத்தை எடுத்துக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பணுக்களில் இருந்த பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்தது. அதே ரத்தத்தை உடம்புச் சூட்டில் வைத்து, சர்க்கரையும் கிடைக்கச் செய்தபோது, கசிந்த பொட்டாசியம் திரும்ப உள்ளே போயிற்று!

குளிர்ந்தால் இறைப்பு மந்தமாகிறது. சூடும் உணவும் கிடைத்தால் மறுபடி நடக்கிறது. ஆக, இது கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலை.

அந்தக் கூலி எது? ஏ.டி.பி. என்ற ஒரு பொருள். 1929-ம் ஆண்டில் அது கண்டுபிடிக்கப்பட்டது. நாம் சாப்பிடும் சோறும் எண்ணெயும் உடம்புக்குள் எரிந்து கடைசியில் ஏ.டி.பி. ஆகின்றன. அதில் மூன்று பாஸ்பேட்டுகள் வால்போல் தொங்குகின்றன. கடைசிப் பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும்போது சக்தி கிடைக்கிறது. தசை சுருங்குவதும் அந்தச் சக்தியால்தான்.

கூலி தெரிந்தது. கூலி வாங்குகிறவர் யார் என்று மட்டும் தெரியவில்லை.

தேடியது ஒன்று

டென்மார்க் நாட்டில் லெம்விக் என்று ஓர் ஊர். அங்கே 1918-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி பிறந்தவர் யென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கௌ. மருத்துவம் படித்து 1944-ல் டாக்டர் ஆனார். அப்போது அவருடைய நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது.

டாக்டர் ஸ்கௌ முதலில் ஆபரேஷன் செய்யும் பிரிவில் வேலை பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்பு ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ய ஊசி போடுவார்கள் அல்லவா? அந்த மருந்து நரம்பை எப்படி ஊமையாக்குகிறது என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது.

1947-ல் ஆர்ஹூஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். ஆராய்ச்சி முடிந்ததும் கத்தி பிடிக்கத் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் கேள்வி அவரை விடவில்லை.

மரத்துப்போகும் மருந்து நரம்பின் மேல்தோலில் போய்த் தங்குகிறது என்று அவர் கருதினார். அதைச் சோதிக்க, நரம்புத் தோலிலேயே குடியிருக்கும் ஒரு நொதி வேண்டும். நொதி என்பது உடம்பில் ரசாயன வேலைகளை முடித்துக்கொடுக்கும் புரதம்.

1953-ல் அமெரிக்காவில் கடலோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குப் போனார். அங்கே பெரிய கணவாய் மீனின் நரம்புகளை வைத்து ஆராய்ச்சி நடந்தது. அந்த நரம்பின் உறையில் ஏ.டி.பி.யைப் பிளக்கும் நொதி ஒன்று இருப்பதாக அவருக்குத் தெரியவந்தது. "இதுதான் எனக்கு வேண்டியது" என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஆனால் டென்மார்க்கில் அந்தப் பெரிய கணவாய்க்கு எங்கே போவது?

நண்டு வந்தது

டென்மார்க் கடற்கரையில் நண்டுக்குப் பஞ்சம் இல்லை. நண்டுக் காலை உடைத்தால் உள்ளே நூல்போல் நரம்பு இருக்கும். ஆர்ஹூஸுக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு மீனவரிடம் ஸ்கௌ சொல்லி வைத்தார். நண்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றின் கால்களிலிருந்து நரம்பை உருவி, அரைத்து, சலித்து, அதில் ஏ.டி.பி.யைக் கலந்து பார்த்தார்.

பாஸ்பேட் பிரிந்தது. நொதி இருக்கிறது!

ஆனால் முடிவுகள் குழப்பமாக இருந்தன. பொட்டாசியம் சேர்த்தால் ஒரு சமயம் நொதி வேகமாக வேலை செய்யும். இன்னொரு சமயம் அசையாது. சோடியம் மட்டும் சேர்த்தால் கொஞ்சம் வேலை நடக்கும். ஒரு நாள் வந்த கணக்கு மறுநாள் வராது.

ஸ்கௌ சலிக்கவில்லை. திரும்பத் திரும்ப அளந்தார். கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது. சோடியமும் பொட்டாசியமும் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்த நொதி முழு வேகத்தில் ஏ.டி.பி.யைப் பிளக்கிறது. ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் அது சோம்பிவிடுகிறது.

சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கேட்டு வாங்கும் நொதி. குடியிருப்பதோ நரம்பின் தோலில். கூலியோ ஏ.டி.பி. அப்படியானால் இது வேறு யாராக இருக்க முடியும்? ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் அள்ளும் ஆள் இவர்தான்!

தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. 1957-ல் ஸ்கௌ தம் கட்டுரையை வெளியிட்டார். அடக்கமான மனிதர். தலைப்பில் 'உப்பை இறைக்கும் நொதி' என்று போட்டுக்கொள்ளவில்லை. நரம்பின் ஒரு நொதியைப் பற்றியது என்ற அளவிலேயே தலைப்பு இருந்தது. ஆகவே பலர் அதைக் கவனிக்கவும் இல்லை.

வீயன்னாவிலிருந்து ஒரு டெலிபோன்

1958-ம் ஆண்டு ஆஸ்திரிய நாட்டு வீயன்னா நகரில் உலக விஞ்ஞானிகள் மாநாடு. ஸ்கௌ அங்கே ராபர்ட் போஸ்ட் என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். மனித ரத்தத்தின் சிவப்பணுக்களில் இதே இறைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தவர் போஸ்ட். ஒரு தடவை இறைத்தால் மூன்று சோடியம் வெளியே போகிறது, இரண்டு பொட்டாசியம் உள்ளே வருகிறது என்று கணக்குப் பார்த்தவர் அவர்தான்.

நண்டு நொதியைப் பற்றி ஸ்கௌ சொன்னதும் போஸ்ட் துள்ளினார். "அந்த நொதி உவாபெயினுக்கு அடங்குகிறதா?" என்று கேட்டார்.

ஸ்கௌவுக்கு உவாபெயின் என்றால் என்னவென்றே தெரியாது!

அது கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவும் மர விஷம். சிவப்பணுக்களில் நடக்கும் இறைப்பை அந்த வகை விஷங்கள் நிறுத்திவிடும் என்று ஸ்விட்சர்லாந்து நாட்டு ஷாட்ஸ்மன் 1953-ல் காட்டியிருந்தார். நண்டு நொதியும் அதே விஷத்துக்கு அடங்கினால், இரண்டும் ஒன்றுதான் என்பது உறுதி.

ஸ்கௌ ஆர்ஹூஸுக்கு டெலிபோன் செய்தார். தம் ஆராய்ச்சிக்கூடத்தில் உடனே சோதித்துப் பார்க்கச் சொன்னார். பதில் வந்தது. நொதி அடங்கிவிட்டது!

எப்படி இறைக்கிறது?

நம் நாட்டில் மின்சார மோட்டார் பரவும் முன்பு கிணற்றுக்குக் கிணறு ஏற்றம் இருந்தது. சால் கீழே போகும், நிறையும், மேலே வரும், கொட்டும். இந்த நொதியும் ஓர் ஏற்றம்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஏற்றச் சால் கீழே போகும்போது வெறுமையாகப் போகிறது. இதுவோ போகும்போதும் சுமை, வரும்போதும் சுமை!

அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள்.

நொதியின் நடுவில் ஒரு சின்ன அறை. அதற்கு இரண்டு வாசல். ஒன்று உயிரணுவுக்கு உள்பக்கம், மற்றொன்று வெளிப்பக்கம். இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை.

முதலில் உள்வாசல் திறந்திருக்கிறது. மூன்று சோடியம் வந்து உட்காருகின்றன. உடனே ஏ.டி.பி. தன் பாஸ்பேட் ஒன்றை நொதியின் மேல் ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் நொதியின் வடிவமே மாறுகிறது. உள்வாசல் மூடிக்கொள்கிறது. வெளிவாசல் திறக்கிறது. மூன்று சோடியமும் வெளியே போய்விடுகின்றன.

இப்போது வெளியிலிருந்து இரண்டு பொட்டாசியம் வந்து உட்காருகின்றன. ஒட்டியிருந்த பாஸ்பேட் கழன்று விழுகிறது. வடிவம் பழையபடி ஆகிறது. வெளிவாசல் மூடுகிறது. உள்வாசல் திறக்கிறது. பொட்டாசியம் உள்ளே போகிறது. ஒரு சுற்று முடிந்தது. கூலி ஒரே ஒரு ஏ.டி.பி.

முழு வேகத்தில் ஒரு நொதி விநாடிக்கு ஏறத்தாழ நூறு சுற்றுச் சுற்றும். நாம் தூங்கும்போதும் அது தூங்குவதில்லை. ஓய்வாக இருக்கும் மனிதன் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. மூளையிலோ இன்னும் அதிகம். 'சும்மா உட்கார்ந்திருந்தாலும் பசிக்கிறதே' என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். சும்மா இருப்பது ஆள்தான். உள்ளே இருக்கும் ஏற்றக்காரர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டாமா?

இறைப்பு நின்றால் என்ன ஆகும்? உயிரணுவுக்குள் உப்பு ஏறும். உப்பைத் தொடர்ந்து தண்ணீர் ஏறும். உயிரணு வீங்கும். நரம்பு செய்தி அனுப்பாது. நரம்பில் ஓடும் செய்தி என்பதே வெளியே இருக்கும் சோடியம் ஒரு கணம் உள்ளே பாய்வதுதான். வெளியே சோடியம் குவிந்திருந்தால்தானே பாய முடியும்? குவித்து வைப்பது இந்த நொதி.

விஷமும் அதுவே, மருந்தும் அதுவே

இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்று ஒரு டாக்டர் இருந்தார். உடம்பு நீர் கோத்து வீங்கியவர்களுக்குக் கிழவி ஒருத்தி கொடுத்துவந்த பச்சிலை மருந்தைப் பற்றி 1775-ல் அவருக்குத் தெரியவந்தது. பல மூலிகைகள் கலந்த மருந்து அது. அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்ற ஒரே செடிதான் என்று அவர் கண்டுகொண்டார். பத்து ஆண்டு சோதித்து 1785-ல் புத்தகமாக எழுதினார்.

அந்தச் செடியின் மருந்து இருதயத்தில் செய்வது என்ன? இதே நொதியின் வேகத்தைக் குறைப்பதுதான்! இருதய உயிரணுவில் சோடியம் சற்றுக் கூடும். அதனால் கால்சியம் தங்கும். இருதயம் பலமாகச் சுருங்கும். கிழவிக்கும் தெரியாது, விதரிங்குக்கும் தெரியாது. இருநூறு ஆண்டுக்குப் பக்கமாகக் காத்திருந்து நண்டு வந்து சொல்ல வேண்டியிருந்தது. டிஜாக்ஸின் என்ற பெயரில் அந்த வகை மருந்து இன்றும் இருக்கிறது. அளவு கொஞ்சம் மீறினாலும் ஆபத்து. டாக்டர் பார்வையில்தான் கொடுப்பார்கள்.

நம் வீட்டு வேலியிலும் இதன் உறவினர் ஒருவர் நிற்கிறார். அரளி! மஞ்சள் அரளியானாலும் சிவப்பு அரளியானாலும், அதன் விஷம் தாக்குவது இந்த நொதியைத்தான். பிடிபட்டால் இருதயம் தாளம் தவறும். பூ சாமிக்கு ஆகும். இலையோ காயோ வாய்க்கு ஆகாது. குழந்தைகள் கடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பன்காவ் முகாமில்

இந்த நொதியால் பிழைத்த குழந்தைகளின் கதையும் உண்டு.

1971-ம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் போர். லட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தார்கள். எல்லையோரத்துப் பன்காவ் ஊரில் காலரா புகுந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க இடம் இல்லை. தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் உப்புநீர் பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன.

அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். சர்க்கரையும் உப்பும் சோடா உப்பும் கலந்த பொட்டலங்களைத் தயார் செய்தார்கள். பெரிய பீப்பாய்களில் தண்ணீரோடு கரைத்தார்கள். 'கோப்பையில் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருங்கள்' என்று தாய்மாரிடமும் உறவினரிடமும் சொன்னார்கள்.

காலராவில் குடித்த தண்ணீரெல்லாம் போய்விடுமே, இது மட்டும் எப்படி உடம்பில் தங்கும்?

விடை குடலில் இருக்கிறது. குடல் உயிரணுவில் ஒரு விசித்திரமான வாசல் உண்டு. சர்க்கரை தனியாக வந்தால் உள்ளே விடாது. சோடியத்தைக் கைப்பிடித்து வந்தால்தான் விடும். இதை 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். உள்ளே சோடியம் குறைவாக இருப்பதால்தான் வெளிச் சோடியம் சர்க்கரையையும் இழுத்துக்கொண்டு நுழைகிறது. உள்ளே சோடியம் சேராமல் இறைத்துக் காலி செய்து வைப்பது யார்? நம் நண்டு நொதிதான்! உப்பும் சர்க்கரையும் போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னால் போகும். காலரா இந்த வாசலைக் கெடுப்பதில்லை.

பன்காவில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறியது. இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்த இடத்தில் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள். இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று இங்கிலாந்தின் 'லான்செட்' பத்திரிகை 1978-ல் எழுதியது. டாக்டர் மகலனாபிஸ் 2022-ம் ஆண்டு காலமானார்.

எழுபத்தொன்பது வயதில் பரிசு

ஸ்கௌவின் கட்டுரை வந்து நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. 1997-ம் ஆண்டு அக்டோபர் மாதம், ரசாயனத்துக்கான நோபல் பரிசில் பாதி அவருக்கு என்ற செய்தி வந்தது. அப்போது அவருக்கு வயது 79. மறு பாதியை அமெரிக்கரான பால் பாயரும், ஆங்கிலேயரான ஜான் வாக்கரும் பகிர்ந்துகொண்டார்கள். உடம்பில் ஏ.டி.பி. எப்படி உண்டாகிறது என்று கண்டவர்கள் அவர்கள். கூலியைத் தயார் செய்கிறவர் யார் என்று சொன்னவர்களுக்குப் பாதி. கூலி வாங்கி உழைப்பவரைக் காட்டியவருக்குப் பாதி!

இந்த நொதிக்கு உறவினர்கள் உண்டு என்பதும் பிறகு தெரிந்தது. தசையில் கால்சியத்தை இறைப்பது ஒன்று. இரைப்பையில் அமிலத்தை இறைப்பது மற்றொன்று. நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் கொடுக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை அந்த அமில ஏற்றத்தைத்தான் கட்டிப்போடுகிறது.

2007-ல் அதே ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் சோடியம் இறைக்கும் நொதியின் வடிவத்தை அணு அணுவாகப் படம் எடுத்துக் காட்டினார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன்பு நண்டுக் காலில் தாம் கண்ட நொதியின் உருவத்தைப் பார்க்க ஸ்கௌ உயிரோடு இருந்தார். 2018-ம் ஆண்டு மே மாதம், நூறு வயதுக்குச் சில மாதங்களே இருக்கும்போது அவர் மறைந்தார்.

வீட்டில் செய்ய வேண்டியது

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், மருந்துக் கடையிலும் அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில் வீட்டிலேயே கலக்கலாம். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு லிட்டர். தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு. உப்பு அரைத் தேக்கரண்டி. அவ்வளவுதான். உப்பு அதிகமானால் கெடுதல். கண்ணளவில் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டுபோனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மா கரண்டியால் அந்தத் தண்ணீரைப் புகட்டுகிறாள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் போகிறது. வறண்டிருந்த நாக்கு ஈரமாகிறது. குழிவிழுந்த கண் திறக்கிறது. குழந்தை வீரிட்டு அழுகிறது.

இம்முறை கண்ணில் நீர் வருகிறது. உப்புக் கரிக்கும் கண்ணீர்! ஏற்றம் இறைத்துக்கொண்டிருக்கிறது, இனிப் பயம் குறைந்தது.